எந்த வாசல் என்று கேட்காத ஆஸ்பத்திரி: மதுரை அரவிந்த் – ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை அண்ணா நகரில் பஸ்ஸை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் பலருக்கு ஒரு கையில் துணிப்பை இருக்கும். இன்னொரு கை யாராவது ஒருவரின் தோளைப் பிடித்திருக்கும். அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வருகிறவர்கள். அங்கே பணம் கட்டிப் பார்க்க ஒரு கட்டடம், கட்டாமல் பார்க்க இன்னொரு கட்டடம். எதற்குள் போவது என்பதை வருகிறவரே முடிவு செய்துகொள்கிறார். ரேஷன் கார்டைக் காட்டு, தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழ் வாங்கி வா, கவுன்சிலரின் கடிதம் எங்கே என்று யாரும் விரட்டுவதில்லை. வசதியுள்ளவர் இலவசக் கட்டடத்துக்குப் போனாலும் அவரை நிறுத்தி விசாரிப்பது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கமல்ல.

தர்ம ஆஸ்பத்திரி என்றால் இதில் வியப்படைய ஒன்றுமில்லை. அரவிந்த் அப்படிப்பட்டதல்ல. 1976-ல் தொடங்கிய காலம் முதல் நடப்புச் செலவுக்கு நன்கொடையை நம்பாமல், வருகிற கட்டணத்திலேயே மிச்சம் பிடித்து, அந்த மிச்சத்தில் அடுத்த ஊரில் கட்டடம் கட்டிய நிறுவனம் அது. 1985-ல் தேனி, 1988-ல் திருநெல்வேலி, 1997-ல் கோயம்புத்தூர், 2003-ல் புதுச்சேரி, பிற்பாடு சென்னை என்று கிளைகள் வந்தன. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் வருடத்துக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட புறநோயாளி வருகைகள், 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். அறுவை சிகிச்சைகளில் ஏறக்குறைய பாதி இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடப்பவை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்ட ஒரு நிறுவனம் எப்படி மூழ்காமல் இருக்கிறது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

விரல்கள்

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அவருடைய விரல்களில்தான் ஆரம்பிக்கிறார்கள். காரணம் இருக்கிறது. 1918-ல் கரிசல் சீமையில், எட்டயபுரம் பக்கத்து அயன் வடமலாபுரத்தில் பிறந்தவர். சிறு வயதில் உறவுப் பெண்கள் மூன்று பேர் பேறுகாலத்தில் இறந்துபோனதைப் பார்த்து, பிரசவ மருத்துவராக வேண்டும் என்று நினைத்தார். 1944-ல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவப் பட்டம். அடுத்து ராணுவ மருத்துவப் பிரிவு. அங்கே பிடித்த முடக்குவாதம் அவரை மாதக்கணக்கில் படுக்கையில் போட்டது. எழுந்தபோது விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்தக் கையால் பிரசவம் பார்க்க முடியாது என்பதால் கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களால் கத்தியைப் பிடிக்கத் தம்மைத் தாமே பழக்கிக்கொண்டு, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார்.

மனதைத் தொடுகிற கதை. ஆனால் நிர்வாகம் படிக்கிறவர்களுக்கு இந்தக் கதை ஓரளவு இடைஞ்சல் என்பது என் கருத்து. மகான் ஒருவர் இருந்தார், அதனால் நடந்தது என்று முடித்துவிட்டால் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது. அவர் 2006 ஜூலையில் மறைந்தார். அதற்குப் பிறகும் இரண்டு வாசல்களும் திறந்தே இருக்கின்றன. ஆகவே விரல்களை விட்டுவிட்டு, அவர் வகுத்த ஏற்பாடுகளைப் பார்க்கலாம்.

மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றார். பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டு முகப்பில் ஒரு போர்டு மாட்டியிருந்தாலே மதுரையில் அவருக்குக் கூட்டம் கூடியிருக்கும். அவர் 11 படுக்கைகளோடு ஒரு சிறிய ஆஸ்பத்திரி தொடங்கினார். 5 படுக்கை காசு கொடுப்பவர்களுக்கு, 6 படுக்கை கொடுக்காதவர்களுக்கு. வங்கிகள் கடன் தரத் தயங்கின. வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, கட்டடமும் கணக்கும் பார்த்த தம்பி சீனிவாசன் என்று குடும்பமே இறங்கியது. வருமானம் வர வர மாடி மாடியாகக் கட்டினார்கள்.

11-ல் 6 என்ற அந்த எண்ணிக்கைதான் முதல் முடிவு. லாபம் வந்த பிறகு தர்மம் செய்யலாம் என்று தள்ளிவைத்திருந்தால், லாபம் எப்போது போதுமான அளவுக்கு வந்தது என்று தீர்மானிக்க ஒவ்வொரு வருடமும் ஒரு கூட்டம் போட வேண்டியிருந்திருக்கும். அப்படிப்பட்ட கூட்டங்கள் எப்படி முடியும் என்பது நமக்குத் தெரியும்.

பாயும் கட்டிலும்

வருமானத்தை விசாரிக்காமல் விட்டால் எல்லோரும் இலவச வாசலில்தானே நிற்பார்கள்? இதைக் கேட்காத ஆளில்லை. நிற்கவில்லை. ஏனென்றால் இரண்டு கட்டடங்களுக்கும் இடையே ஒரு வித்தியாசம் வைத்திருந்தார்கள். அதை எங்கே வைத்தார்கள் என்பதில்தான் சூட்சுமம். டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அறுவை சிகிச்சை ஒன்றே, கிருமிநீக்கம் ஒன்றே. இலவசப் பக்கத்தில் பெரிய கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். கட்டணப் பக்கத்தில் கட்டில், தனி அறை, விருப்பப்பட்டால் ஏசி. எந்த வகை அறுவை சிகிச்சை, எந்த வகை லென்ஸ் என்று தேர்வு செய்யும் வசதியும் அந்தப் பக்கத்துக்கு உண்டு. கையில் கொஞ்சம் காசுள்ள குடும்பம், அப்பாவைத் தரையில் படுக்க வைக்க மனமில்லாமல் தானாகவே கட்டண வாசலுக்குப் போய்விடும். அதைச் சொல்ல ஒரு குமாஸ்தா தேவைப்படவில்லை.

ஏழ்மையை நிரூபிக்கச் சொல்வது நம் ஊர் அலுவலகங்களில் எவ்வளவு பெரிய தண்டனை என்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். ஒரு சான்றிதழுக்காக நான்கு நாள் கூலியை விட்டுவிட்டு அலைகிறவர், அந்தச் சான்றிதழால் கிடைக்கிற உதவியில் பாதியைப் பஸ் டிக்கெட்டுக்கும் டீக்கும் கொடுத்திருப்பார். சான்றிதழ் கேட்காததால் ஆஸ்பத்திரிக்கும் லாபம்: சரிபார்க்க ஆள் வேண்டாம், கோப்பு வேண்டாம், சிபாரிசு வராது.

'பணக்காரரிடம் அதிகம் வாங்கி ஏழைக்குக் கொடுக்கிறார்கள்' என்று இதைச் சுருக்கிச் சொல்வதுண்டு. அது பாதிதான் சரி. கட்டணம் வெளியே உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளைவிட அதிகமாக இருந்தால் நோயாளி அங்கே போய்விடுவார். அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்திலிருந்து ஒவ்வோர் இலவச அறுவை சிகிச்சைக்கும் ஒரு தொகை வருவதுண்டு. அதுவும் முழுச் செலவுக்குக் காணாது. மீதியை ஈடுகட்டுவது எண்ணிக்கை. டாக்டரின் சம்பளம், மைக்ரோஸ்கோப்பின் விலை, ஆபரேஷன் தியேட்டரின் வாடகை ஆகியவை பத்துக் கண்ணுக்கும் ஒன்றே, ஐம்பது கண்ணுக்கும் ஒன்றே. வருடத்துக்கு 400 அறுவை சிகிச்சை செய்யும் இடத்தில் ஒரு டாக்டர் 2,000 செய்தால், ஒவ்வொன்றின் மீதும் விழும் டாக்டர் செலவு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அரவிந்தில் ஒரு டாக்டர் சராசரியாகச் செய்வது அந்த 2,000-ஐ ஒட்டித்தான். இலவச நோயாளி இல்லாவிட்டால் அந்த எண்ணிக்கை வராது, எண்ணிக்கை இல்லாவிட்டால் கை பழகாது, கை பழகாவிட்டால் காசு கொடுக்கிறவர் தேடி வரமாட்டார். யார் யாருக்குப் படியளக்கிறார்கள் என்று அறுதியிட்டுச் சொல்வது கடினம்.

2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனாலும் இலையில் அது ஊறுகாய் வைக்கும் மூலை. அரவிந்தில் சமூகப் பொறுப்பை மட்டும் தனியே கரண்டியால் எடுத்துக் காட்டு என்றால் எடுக்க முடியாது, சோற்றோடு பிசைந்துவிட்டார்கள்.

இரண்டு மேசை, ஒரு மைக்ரோஸ்கோப்

வெங்கடசாமி அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து வியந்த கதை பிரசித்தம். எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே ருசி, ஒரே அளவு, யார் செய்தாலும் தவறாத முறை. ஹாம்பர்கரை அப்படி விற்க முடியுமானால் கண்பார்வையை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று கேட்டார். சைவ உணவுக்காரரான ஆன்மிகவாதி ஒருவர், ஸ்ரீ அரவிந்தரின் பெயரைத் தம் ஆஸ்பத்திரிக்கு வைத்தவர், மாட்டிறைச்சிக் கடையிலிருந்து பாடம் எடுத்தார் என்பதை நான் எத்தனை முறை நினைத்தாலும் ரசிக்கிறேன். எங்கிருந்து கற்றோம் என்பதில் அவருக்குத் தீட்டு இல்லை.

அறுவை அரங்கில் இது நடக்கும் விதம் இப்படி. அருகருகே இரண்டு மேசைகள். நடுவே மைக்ரோஸ்கோப், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பும்படியாக. முதல் மேசையில் டாக்டர் கண்புரையை எடுத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது மேசையில் அடுத்தவர் படுத்தாகிவிட்டது. மரத்துப்போக மருந்து கொடுத்து, கண்ணைச் சுற்றித் துடைத்து, துணி போர்த்தி, இமையை விரித்து வைத்திருப்பார்கள். முதல் கண்ணில் லென்ஸ் உட்கார்ந்ததும் டாக்டர் நாற்காலியைத் திருப்புகிறார், மைக்ரோஸ்கோப் திரும்புகிறது. அவர் இரண்டாவது கண்ணைத் தொடும்போது முதல் நோயாளிக்குக் கட்டுப் போட்டுக் கைத்தாங்கலாக எழுப்பிக்கொண்டிருப்பார்கள், மூன்றாமவர் வாசலில். மணிக்கு ஆறு, எட்டு என்று போகும். டாக்டர் செய்வது டாக்டரால் மட்டுமே முடிகிற வேலை. மீதி எல்லாம் சிஸ்டர்கள் கையில்.

இவ்வளவு வேகத்தில் தரம் என்ன ஆகும் என்ற சந்தேகம் நியாயமானது. புரை அறுவையில் எல்லோரும் பயப்படுவது கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிப்பதை. 2017-ல் வெளியான ஓர் ஆய்வு அரவிந்தின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளை எடுத்துப் பார்த்தது. முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் மருந்து செலுத்தப்படாதவர்களில் 10,000 பேருக்கு ஏழு பேர் அளவில் அந்தத் தொற்று இருந்தது. செலுத்தப்பட்டவர்களில் 10,000-க்கு இரண்டு. பணக்கார நாடுகளும் மதித்துப் பார்க்கும் எண்கள் இவை. இத்தனை லட்சம் கண்களின் கணக்கை எழுதி வைக்கும் பழக்கம் இருந்ததால்தான் அந்த மருந்தின் பலன் உலகுக்கே தெளிவாகத் தெரிந்தது.

இன்னொரு சங்கதி. அரவிந்தில் ஒரு புரை அறுவை சிகிச்சையால் வெளியாகும் கரிமம், பிரிட்டனில் அதே சிகிச்சையால் வெளியாவதில் 5 சதவீத அளவுதான் என்று ஒரு கணக்கு சொல்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருட்களைக் குறைத்து, கருவிகளைக் கிருமிநீக்கித் திரும்பப் பயன்படுத்துவது காரணம். பூமியைக் காக்கிறோம் என்று யாரும் ஆரம்பித்ததல்ல. காசை வீணாக்கக் கூடாது என்று ஆரம்பித்தது.

இலவசம் போதவில்லை

முகாம் போட்டார்கள். பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசை போட்டுக் கண் பார்த்தார்கள். புரை முற்றியிருக்கிறது, மதுரைக்கு வாருங்கள், அறுவை சிகிச்சை இலவசம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் வரவில்லை.

ஏன் என்று வீடு தேடிப் போய்க் கேட்டது இந்த நிறுவனத்தின் இரண்டாவது பெரிய முடிவு. கிடைத்த பதில்களில் மருத்துவமே இல்லை. பஸ்ஸுக்குக் காசில்லை. துணைக்கு வர ஆளில்லை. வந்தால் அவருடைய கூலியும் போச்சு. அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சாகப்போகிற கட்டைக்கு எதற்கு ஆபரேஷன்? இலவசம் என்று ஆஸ்பத்திரி நினைத்தது அந்தக் குடும்பத்துக்குச் சில நூறு ரூபாய்ச் செலவு. அதன் பிறகு முகாமிலேயே பஸ் நின்றது. அன்றைக்கே தேர்ந்தெடுத்து, அன்றைக்கே ஏற்றி, சாப்பாடு போட்டு, அறுவை முடித்து, கண்ணாடியும் சொட்டு மருந்தும் கொடுத்து, ஊரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போனதால் துணையும் கிடைத்தது, பயமும் விட்டது.

அப்படியும் 1990-களின் இறுதியில் வந்த ஓர் ஆய்வு முகத்தில் அடித்தது. முகாம் நடந்த பகுதிகளில் கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவீதம்தான். இருபது வருடமாக முகாம் நடத்தி, பரிசும் பாராட்டும் வாங்கிக்கொண்டிருந்த நிறுவனம், நூற்றுக்கு 93 பேர் வரவில்லை என்ற எண்ணைத் தானே பங்கெடுத்த ஆய்விலேயே அச்சிட்டது. விழுமியம் என்ற சொல்லை நான் தாராளமாகப் பயன்படுத்துகிறவன் அல்ல. இந்த இடத்தில் பயன்படுத்துவேன்.

அதிலிருந்து பிறந்தவைதான் சிற்றூர்களில் உள்ள பார்வை மையங்கள். வருடத்துக்கு ஒரு நாள் வந்துபோகும் முகாமுக்குப் பதிலாக, தினமும் திறந்திருக்கும் ஒரு சின்ன இடம். பயிற்சி பெற்ற சிஸ்டர் கண்ணைச் சோதிப்பார். மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் கணினித் திரையில் நோயாளியிடம் பேசுவார். கிராமத்தில் நம்பத்தக்க இணைய வசதி இல்லாத காலத்தில், தேனிப் பக்கம் கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்தின் உதவியோடு நெடுந்தூர வைஃபை கோபுரங்கள் அமைத்து இதைச் செய்தார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. முகாம் இலவசம், இங்கேயோ 20 ரூபாய் வாங்கினார்கள், அதை வைத்து இரண்டு மூன்று முறை வந்து காட்டலாம். ஏழைகளிடம் ஏன் வாங்க வேண்டும் என்று கேட்பது எளிது. மதுரைக்கு ஒரு நடை போய்வருவதோடு ஒப்பிட்டால் அந்த 20 ரூபாய் மிச்சம்; மையமும் யாருடைய தயவிலும் இல்லாமல் தன் காலில் நிற்கும்.

சோடாபுட்டி

என் பாட்டிக்குப் புரை எடுத்தது லென்ஸ் வைக்காத காலத்தில். கண்ணின் சொந்த லென்ஸை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகச் சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்கள். பாரத்தில் அது மூக்கில் நிற்காது. பின்னால் கறுப்பு நூல் கட்டியிருந்தாள். நேரே பார்த்தால் எல்லாம் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. திண்ணைப் படியைக் காலால் துழாவித்தான் இறங்குவாள். ஒருநாள் ஆட்டுக்குட்டி மிதித்துக் கண்ணாடி உடைந்தது. அடுத்த கண்ணாடி வரும்வரை மறுபடியும் குருடு.

கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் அப்போதே மேல்நாட்டில் வந்துவிட்டது. இறக்குமதி விலை 100 டாலர் அளவு. ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது, கண்ணாடியே போதும் என்று சொன்ன நிபுணர்கள் இருந்தார்கள். காசு கொடுக்கிறவருக்கு லென்ஸ், கொடுக்காதவருக்குச் சோடாபுட்டி என்று ஆகியிருந்தால் இரண்டு கட்டடங்களுக்கும் இடையிலான வித்தியாசம் பாயையும் கட்டிலையும் தாண்டிக் கண்ணுக்குள்ளேயே போயிருக்கும். நன்கொடையாக வந்த லென்ஸ்கள் எத்தனை பேருக்குக் காணும்?

1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை முதலியோர் தொழில்நுட்பத்துக்கு வழிகாட்ட, 10 டாலர் விலையில் லென்ஸ் வந்தது. பிறகு அதற்கும் கீழே இறங்கியது. இன்று வீரபாஞ்சானில் உள்ள தொழிற்சாலையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. மற்ற மருத்துவமனைகளுக்கும் அதே குறைந்த விலையில் விற்றார்கள். போட்டியாளருக்கும் மலிவாகக் கொடுத்தால் நம்முடைய அனுகூலம் போய்விடாதா என்ற கேள்வி வணிகப் பள்ளி வகுப்பில் கட்டாயம் வரும். அதே வருடம் லயன்ஸ் அமைப்போடு சேர்ந்து ஒரு பயிற்சி நிறுவனமும் தொடங்கி, தங்கள் முறையைக் கேட்டு வந்த கண் மருத்துவமனைகளுக்கெல்லாம், கணக்குப் புத்தகம் எழுதுவது உட்பட, சொல்லிக்கொடுத்தார்கள். தொழில் ரகசியம் என்று பூட்டி வைக்க அவர்களிடம் எதுவும் இல்லை. பார்வையிழப்பு ஒழிய வேண்டும் என்பது நோக்கமானால் அடுத்த ஆஸ்பத்திரி போட்டியாளர் அல்ல.

சிஸ்டர்கள்

இந்த ஆய்வில் எனக்கு உறுத்தலாக இருக்கும் பகுதி இது. நிறுவனத்தின் ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், பிளஸ் டூ முடித்துக் கிராமங்களிலிருந்து வந்து, இரண்டு வருடம் உதவித்தொகையோடு பயிற்சி பெற்ற இளம்பெண்கள். பார்வை அளப்பது, தியேட்டரைத் தயார்படுத்துவது, நோயாளிக்கு விளக்குவது, கணக்கெழுதுவது எல்லாம் அவர்கள். தேர்வில் மதிப்பெண்ணைவிட மனப்பாங்குக்கு முதலிடம். குடும்பத்தையும் அழைத்துப் பேசுவார்கள். வயலுக்கோ சீக்கிரக் கல்யாணத்துக்கோ போயிருக்கக்கூடிய பெண்ணுக்கு ஒரு தொழிலும் மரியாதையும் கிடைக்கின்றன என்பது உண்மை. டாக்டரின் 2,000 என்ற எண்ணிக்கை இந்தப் பெண்களின் நீண்ட, ஓயாத, ஒரே மாதிரியான வேலையின் மேல் நிற்கிறது என்பதும் உண்மை. கல்யாணமானதும் பலர் வேலையை விட்டுப் போகிறார்கள். அந்த இடத்துக்கு ஆண்டுதோறும் புது அணி வேண்டும்.

2008-ல் கேட்ஸ் அறக்கட்டளையின் உலக நல விருது, 2010-ல் ஹில்டன் மனிதநேயப் பரிசு என்று பாராட்டுகள் குவிந்தபோது நிறுவனரின் பெயர்தான் அதிகம் ஒலித்தது. அது இயல்பு. ஆனால் அரவிந்தைப் பார்த்துத் தங்கள் ஊரில் அப்படியே செய்ய முயல்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, எங்களுக்கு ஒரு வெங்கடசாமி கிடைப்பாரா என்பதல்ல. இந்தப் பெண்கள் கிடைப்பார்களா, அவர்களுக்கு என்ன கொடுக்கப் போகிறோம் என்பது.

அரவிந்துக்கும் அந்தக் கேள்வி பழையபடி எளிதாக இல்லை. 1980-களில் தேனிப் பக்கத்துக் கிராமத்தில் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு இருந்த வழிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். இப்போது ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் உள்ள எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் ஊருக்கே வந்து ஆள் எடுக்கின்றன. பக்கத்து டவுனில் கலைக் கல்லூரி இருக்கிறது, கல்லூரிக்குப் பஸ்ஸும் இருக்கிறது. ரிசல்ட் வந்த வாரத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவும் பெண்ணும் பேசிக்கொள்வதில் இப்போது மூன்று நான்கு ஊர்களின் பெயர்கள் அடிபடுகின்றன. அவற்றில் மதுரையும் ஒன்று.